பயம் சைப்ரஸைப் பார்த்து, பணம் போவது வேறு வழியில்

மதிப்பிற்குரிய ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். "ஐரோப்பாவில் வங்கிப் பணத்தில் அரசு கை வைக்கப் போகிறது, இருப்பதை எடுத்துவிடுங்கள்" என்ற பேச்சு ரெயூனியன் தீவுத் தமிழ்க் குடும்பங்களில் மறுபடி சுற்றுகிறது. சேன்-தெனியில் கிளம்பும் குரல்பதிவு சேன்-ஆந்த்ரே, சேன்-பியேர் வழியாகப் புதுச்சேரிக்கும் காரைக்காலுக்கும் போகிறது. பிறகு அங்கிருந்து, "உங்க ஊர்ல பேங்க்கை மூடப் போறாங்களாமே" என்று கவலையோடு திரும்பி வருகிறது. வங்கி, வரி வேலைகளில் இருக்கும் எங்களிடம் வந்து கேட்பவர்களில் பெரும்பாலோர் வயதானவர்கள். ஆயுள் முழுக்கச் சேர்த்ததை எடுத்துப் பையில் கட்டிக்கொள்ளலாமா என்று கேட்கிறார்கள். அவர்களுக்காகத்தான் இதை எழுதுகிறோம்.

இந்தப் பயம் ஒன்றுமில்லாததிலிருந்து முளைத்ததல்ல. 1992 ஜூலை 9 இரவு இத்தாலி அரசு எல்லா வங்கிக் கணக்குகளிலும் ஆயிரத்துக்கு ஆறு வீதம் வரியாக எடுத்தது. மக்கள் காலையில் விழித்தபோது அது முடிந்த காரியம். 2013 மார்ச் 16, சனிக்கிழமை, சைப்ரஸ் நாட்டில் அறிவித்த முதல் திட்டம் இன்னும் கடுமையானது. 1,00,000 யூரோவுக்குக் கீழே வைத்திருப்பவர்களிடம்கூட 6.75 சதவீதம், மேலே இருந்தால் 9.9 சதவீதம். மூன்று நாளில் அந்நாட்டு நாடாளுமன்றம் அதை நிராகரித்தது. கடைசியில் நடந்தது வேறு. லைக்கி வங்கி மூடப்பட்டது. பாங்க் ஆஃப் சைப்ரஸில் ஒரு லட்சம் யூரோவுக்கு மேல் இருந்த பகுதியில் 47.5 சதவீதத்தை அந்த வங்கியின் பங்குகளாக மாற்றிவிட்டார்கள். ஒரு லட்சத்துக்குக் கீழே வைத்திருந்தவர்களின் பணம் அப்படியே இருந்தது. வங்கிகள் மார்ச் 28 வரை திறக்கவில்லை, திறந்த பிறகும் நாளொன்றுக்கு 300 யூரோதான் எடுக்க முடிந்தது. 2015 ஜூன் கடைசியில் கிரேக்கத்தில் நாளுக்கு 60 யூரோ என்றார்கள். அது முடக்கம், பறிப்பு அல்ல. குரல்பதிவுகளில் இரண்டும் ஒன்றாகக் கலந்துவிடுகின்றன.

சைப்ரஸுக்குப் பிறகு ஐரோப்பிய ஒன்றியம் இதற்கு விதிமுறை எழுதியது. பிரான்ஸில் அது 2015 ஆகஸ்ட் 20 ஆணையாக வந்து 2016 முதல் நடப்பில் இருக்கிறது. ரெயூனியன் பிரான்ஸின் ஒரு மாவட்டம் என்பதால் இங்கும் அதே சட்டம்தான். வங்கி ஒன்று மூழ்கினால் நஷ்டத்தை யார் தாங்குவது என்று அதில் வரிசை உண்டு. முதலில் பங்குதாரர்கள், பிறகு அந்த வங்கியின் கடன் பத்திரங்களை வாங்கியவர்கள், பிறகு பெரிய நிறுவனங்களின் வைப்புகள். தனிநபரும் சிறு வணிகரும் ஒரு லட்சத்துக்கு மேல் வைத்திருக்கும் பகுதி அதற்கும் பின்னால், வரிசையின் கடைசியில். ஒரு லட்சம் வரையிலான பணம் வரிசையிலேயே இல்லை. இந்தியாவில் நொடிந்த வங்கிகளைக் கையாள 2017-இல் கொண்டுவந்த எஃப்ஆர்டிஐ மசோதாவில் இருந்த இதே போன்ற ஒரு பிரிவுதான் அப்போது தமிழ்நாட்டிலும் புதுச்சேரியிலும் பெரும் கலக்கத்தைக் கிளப்பியது. 2018 ஆகஸ்டில் அந்த மசோதாவைத் திரும்பப் பெற்றார்கள். பலர் மனத்தில் அந்தச் செய்தியும் இந்தச் செய்தியும் ஒன்றாகவே பதிந்திருக்கின்றன.

அந்த ஒரு லட்சம் யூரோவுக்குப் பொறுப்பு எஃப்-ழே-தே-எர் என்ற வைப்புக் காப்பு நிதி. வங்கிகள் கட்டும் பணத்தில் 1999 முதல் இயங்குகிறது. வங்கி முறிந்தால் நாம் விண்ணப்பிக்க வேண்டியதில்லை. ஏழு வேலை நாளுக்குள் பணம் தர வேண்டும் என்பது விதி. ஆனால் இந்த ஒரு லட்சத்தை எப்படி எண்ணுகிறார்கள் என்பதில்தான் பலரும் தவறுகிறார்கள். அது கணக்குக்கு ஒரு லட்சமல்ல, ஆளுக்கு, ஒரு வங்கிக்கு ஒரு லட்சம். கணவன், மனைவி பேரில் ஒரு கூட்டுக் கணக்கில் 1,60,000 யூரோ இருக்கிறது என்று வையுங்கள். அதைப் பாதியாகப் பிரித்து ஆளுக்கு 80,000 என்று எண்ணுவார்கள். மனைவிக்கு அதே வங்கியில் தனிக் கணக்கில் இன்னொரு 30,000 இருந்தால் அவர் பங்கு 1,10,000 ஆகிறது. அதில் 10,000 காப்புக்கு வெளியே நிற்கும். கணவர் பங்கு முழுதும் உள்ளே. அந்த 30,000 வேறொரு வங்கியில் இருந்தால் இந்தக் கவலையே இல்லை. பிள்ளை பேரில் இருக்கும் கணக்குக்குப் பிள்ளைக்கென்று தனி ஒரு லட்சம் உண்டு.

லிவ்ரே ஆ, எல்தேதேஎஸ், லெப் ஆகிய மூன்று சேமிப்புப் புத்தகங்களும் இந்தக் கணக்கில் சேராது. அவற்றுக்கு அரசே நேரடியாகத் தனி ஒரு லட்சம் வரை உத்தரவாதம் தருகிறது. மூன்றின் உச்சவரம்பையும் கூட்டினாலே 22,950, 12,000, 10,000 என்று 44,950 யூரோதான் வரும். வட்டி சேர்ந்தாலும் காப்பைத் தாண்ட வாய்ப்பில்லை. லிவ்ரே ஆவைக் காலி செய்துவிட்டு ரொக்கமாக வீட்டில் வைப்பவர்கள், உள்ளதிலேயே பத்திரமான இடத்திலிருந்து பணத்தை வெளியே எடுக்கிறார்கள்.

வீடு விற்ற பணம் கணக்குக்கு வந்திருக்கும் நேரத்தில் வரும் பயம் நியாயமானது. அதற்கும் வழி வைத்திருக்கிறார்கள். குடியிருப்பு வீட்டை விற்றது, வாரிசுச் சொத்து போன்ற தொகைகளுக்குப் பணம் வந்த நாளிலிருந்து மூன்று மாதம் வரை கூடுதலாக 5,00,000 யூரோ காப்பு உண்டு. நொத்தேர் (பத்திரம் பதியும் சட்ட அலுவலர்) எழுதிய பத்திரத்தின் நகலைக் கையில் வைத்திருந்தால் போதும். மூன்று மாதத்துக்குள் பிரித்து வைக்க வேண்டும்.

இன்னொரு விஷயத்தைப் பலர் கவனிப்பதில்லை. பெயர்ப்பலகை வேறாக இருப்பதால் வங்கி வேறு என்று ஆகாது. எண்ணுவது உரிமம் பெற்ற நிறுவனத்தை வைத்து. 2016-இல் பாங்க் த லா ரெயூனியோன், கேஸ் தேபார்ஞ் ப்ரோவான்ஸ்-ஆல்ப்-கோர்ஸுடன் இணைந்தது. இரண்டிலும் பணம் பிரித்து வைத்திருந்தவருக்கு அதன் பிறகு இரண்டு காப்பு இல்லை, ஒன்றுதான். உங்கள் கணக்கு அறிக்கையின் அடியில் சின்ன எழுத்தில் இருக்கும் நிறுவனப் பெயரைப் படியுங்கள். வைப்புக் காப்பு நிதிக்கு உட்பட்டது என்ற குறிப்பையும் வங்கி அங்கே போட்டாக வேண்டும்.

அசூரான்ஸ்-வீ என்னும் ஆயுள் காப்பு முதலீடு வைப்பே அல்ல. அதற்குக் காப்பு வேறு நிதியிலிருந்து, ஆளுக்கு ஒரு நிறுவனத்தில் 70,000 யூரோ. "சப்பேன் சட்டம் வந்துவிட்டது, அரசு எடுத்துக்கொள்ளும்" என்கிறார்கள். 2016 டிசம்பர் 9 சட்டம் சொல்வது, பெரிய நிதி நெருக்கடியில் இந்தப் பணத்தைத் திரும்ப எடுப்பதை மூன்று மாதம் நிறுத்திவைக்கலாம், தொடர்ந்து ஆறு மாதத்துக்கு மேல் கூடாது என்பதே. உரிமை உங்களுடையதாகவே இருக்கும். அந்த அதிகாரத்தை இதுவரை ஒருமுறைகூடப் பயன்படுத்தவில்லை. ஆனாலும் அவசரத் தேவைக்கான பணம் முழுவதையும் அதில் வைப்பதை நாங்கள் சொல்ல மாட்டோம்.

இனி, அரசு உண்மையிலேயே கணக்கிலிருந்து எடுக்கும் வழி. இதைப் பற்றி எந்தக் குரல்பதிவும் பேசுவதில்லை. வரி, அபராதம், நகராட்சிக்குத் தர வேண்டிய பாக்கி இருந்தால் கருவூலம் நீதிமன்றம் போகாமலே வங்கிக்கு ஓர் ஆணை அனுப்பலாம். 2019 ஜனவரி முதல் அதற்குப் பெயர் சாய்சி அத்மினிஸ்த்ராத்திவ் ஆ தியேர் தெத்தான்தேர், சுருக்கமாக எஸ்ஏதேதே. வங்கி தொகையை உடனே முடக்கி 30 நாளுக்குள் அனுப்ப வேண்டும். அதற்கென்று வங்கி நம்மிடம் பாக்கியில் 10 சதவீதம் வரை, அதிகபட்சம் 100 யூரோ, கட்டணமும் பிடிக்கலாம். எதிர்ப்பதற்கு ஆணை கிடைத்த நாளிலிருந்து இரண்டு மாதம். வங்கியிடம் சண்டை போட்டுப் பயனில்லை, ஆணை அனுப்பிய அலுவலகத்துக்குத்தான் எழுத வேண்டும்.

கணக்கைத் துடைத்து எடுத்துவிட முடியாது என்பதையும் தெரிந்துகொள்ளுங்கள். வருமானம் இல்லாதவர்களுக்கு அரசு தரும் ஆர்எஸ்ஏ உதவித்தொகையில் தனி ஆளுக்கான அளவுக்குச் சமமான தொகையை, அதாவது 2025 ஏப்ரல் கணக்குப்படி 646.52 யூரோவை, நாம் கேட்காமலே வங்கி விட்டுவைக்க வேண்டும். அவ்வளவு இருப்பு இருந்தால்தான் அது. அதற்கு மேல் ஆர்எஸ்ஏ, குடும்ப உதவித்தொகை போன்ற பறிமுதல் செய்யக் கூடாத பணம் கணக்கில் இருந்தால், உதவித்தொகை தரும் அலுவலகமான 'காஃப்' அனுப்பிய தாளையும் கணக்கு அறிக்கையையும் எடுத்துக்கொண்டு போய் வங்கியில் கேட்க வேண்டும். கேட்காவிட்டால் அது தானாகக் கிடைக்காது. கூட்டுக் கணக்காக இருந்தால் ஒருவர் பாக்கிக்காக இன்னொருவர் சம்பளமும் சேர்ந்தே முடங்கும், பாக்கி இல்லாதவர் தன் சம்பளத்தை விடுவிக்கத் தனியாகக் கேட்க வேண்டும்.

"ஒரு கடிதமும் வரவில்லை, திடீரென்று எடுத்துவிட்டார்கள்" என்பவர்களின் கோப்பைத் திறந்தால் பெரும்பாலும் ஒரே காரணம்தான், பழைய முகவரி. வீடு மாறியபோது வங்கிக்குச் சொன்னார்கள், வரி அலுவலகத்துக்குச் சொல்லவில்லை. அல்லது வண்டியின் பதிவுச் சீட்டில் முகவரி மாற்றவில்லை. வேக அபராதம் பழைய வீட்டுக்குப் போய், கூடி, கடைசியில் கணக்கில் வந்து நிற்கிறது.

பயத்தில் பணத்தை நகர்த்துவதால் வரும் வில்லங்கமும் உண்டு. ஒரு மாதத்தில் ரொக்கமாக எடுக்கும் அல்லது போடும் தொகை 10,000 யூரோவைத் தாண்டினால், கள்ளப் பணத்தைக் கண்காணிக்கும் அரசு அமைப்பான த்ராக்ஃபேனுக்கு வங்கி அதைத் தெரிவிப்பது கட்டாயம். எடுத்தவர் குற்றவாளி என்று அதற்குப் பொருளில்லை. ஆனால் எதற்கு எடுத்தீர்கள் என்று கேட்டால் பதில் இருக்க வேண்டும். 10,000 அல்லது அதற்கு மேல் ரொக்கத்தோடு மொரிஷியஸ் வழியாக இந்தியாவுக்குப் பறப்பவர் சுங்கத்தில் அறிவிக்காவிட்டால் தொகையில் பாதி வரை அபராதம் போகலாம். அரசு எடுத்துவிடும் என்று பயந்து கிளம்பியவர் விமான நிலையத்திலேயே பாதியைக் கொடுப்பது எவ்வளவு வேதனை! வீட்டில் வைத்த ரொக்கத்துக்கும் காலக்கெடு வந்ததைப் பார்த்திருக்கிறோம். 2012 பிப்ரவரி 17-க்குப் பிறகு பிராங் நோட்டுகளை யாரும் மாற்றித் தரவில்லை. பெட்டியின் அடியில் அதற்குப் பின் கிடைத்தவை வெறும் காகிதம்.

"அப்படியானால் ஊருக்கு அனுப்பிவிடுகிறோம்" என்பவர்களுக்கு ஒரு கணக்கு. இந்திய வங்கிகளில் வைப்புக் காப்பு 2020 பிப்ரவரி 4 முதல் ஆளுக்கு, ஒரு வங்கிக்கு 5 லட்சம் ரூபாய். யூரோவில் ஏறக்குறைய ஐயாயிரம். இங்கே ஒரு லட்சம் யூரோ காப்பில் இருக்கும் பணத்தை அங்கே கொண்டுபோய் வைப்பது எந்தப் பயத்துக்கு மருந்து? மேலும் இங்கே வரி கட்டுபவர் ஊரில் கணக்கு திறந்தாலும், வைத்திருந்தாலும், அந்த ஆண்டில் மூடினாலும் 3916 படிவத்தில் காட்ட வேண்டும். காட்டாத ஒவ்வொரு கணக்குக்கும் 1,500 யூரோ அபராதம். அங்கே வரும் வட்டியும் இங்கே வரிக் கணக்கில் வர வேண்டும்.

இந்தப் பயத்தை வைத்தே திருடுகிறவர்களும் இருக்கிறார்கள். "உங்கள் கணக்குக்கு ஆபத்து, பாதுகாப்பான கணக்குக்கு மாற்றித் தருகிறேன், குறுஞ்செய்தியில் வரும் எண்ணைச் சொல்லுங்கள்" என்று வங்கி ஆள் போலப் பேசுவார்கள். எந்த வங்கிக்கும் அப்படி ஒரு கணக்கு கிடையாது. போனை வைத்துவிட்டு அட்டையின் பின்னால் இருக்கும் எண்ணுக்கு நீங்களே அழையுங்கள்.

இப்போது, எங்களை மிகவும் வருத்தும் விஷயத்துக்கு வருகிறோம். யாரும் பறிக்காமல், சத்தமில்லாமல், முழுத் தொகையும் அரசுக்குப் போகும் ஒரு வழி உண்டு. மறந்த கணக்கு. 2014 ஜூன் 13-இல் இயற்றி 2016 ஜனவரி முதல் நடக்கும் எக்கேர் சட்டப்படி, நடப்புக் கணக்கில் ஓராண்டும் சேமிப்புப் புத்தகத்தில் ஐந்தாண்டும் உரியவரிடமிருந்து ஓர் அசைவும் இல்லையென்றால் அது செயலற்ற கணக்கு. அப்படிப் பத்தாண்டு போனால் வங்கி பணத்தைக் கேஸ் தே தெப்போ என்ற அரசு நிதி நிறுவனத்துக்கு மாற்றிவிடும். உரியவர் இறந்திருந்தால் பத்தாண்டெல்லாம் காத்திருக்க மாட்டார்கள், இறந்து மூன்று ஆண்டு ஆனதுமே மாற்றம். அங்கே 20 ஆண்டு, இறந்தவர் பணம் 27 ஆண்டு இருக்கும். அதற்குள் யாரும் கேட்காவிட்டால் அரசுக்குச் சொந்தம்.

தமிழ்க் குடும்பங்களில் இது ஏன் அதிகம் நடக்கக்கூடியது என்று யோசித்துப் பாருங்கள். சொல்தா (பிரெஞ்சு இராணுவ வீரர்) பென்ஷன் வாங்கிய தாத்தா புதுச்சேரியில் கண்மூடுகிறார். அவர் கணக்கு பாரிஸிலோ சேன்-தெனியிலோ இருக்கிறது. மகன்கள் இங்கே, மகள்கள் அங்கே. பென்ஷன் நின்றுவிட்டது என்று எல்லாருக்கும் தெரியும், கணக்கில் மிச்சம் இருந்ததா என்று யாரும் பார்ப்பதில்லை. வங்கி அனுப்பும் எச்சரிக்கைக் கடிதம் பூட்டிய வீட்டுக்குப் போகிறது.

தேட இடம் ஒன்று இருக்கிறது. கேஸ் தே தெப்போ 2017 தொடக்கத்தில் திறந்த சிக்லாத் (Ciclade) என்ற இணையதளம். முற்றிலும் இலவசம். கமிஷன் கேட்கிற இடைத்தரகர் யாரும் தேவையில்லை. கேட்பது உரியவரின் குடும்பப் பெயர், முன்பெயர், பிறந்த தேதி, நாட்டுரிமை, இறந்திருந்தால் இறந்த தேதி.

இதில் கை வழுக்கும் இடம் பெயர். கூலி ஒப்பந்தத்தில் வந்தவர்களின் தனிப்பெயரையே இங்கே குடும்பப் பெயராகப் பதிந்தார்கள், காதில் விழுந்தபடி பிரெஞ்சு எழுத்தில். முத்து என்ற பெயரில் 'தே' (t) எழுத்து ஒன்றா இரண்டா, சின்னசாமி 'எஸ்' எழுத்தில் தொடங்குகிறதா 'ஸே, ஆஷ்' (ch) என்ற இரட்டையில் தொடங்குகிறதா என்பதில் அண்ணனுக்கும் தம்பிக்குமே வித்தியாசம் உண்டு. புதுச்சேரிக் குடும்பங்களில் 1881 ஆணைப்படி பிரெஞ்சுச் சட்டத்துக்கு மாறிக் குடும்பப் பெயர் எடுத்தவர்களுக்கு ஒரு வகை, தகப்பன் பெயரை முன்னெழுத்தாக வைத்திருப்பவர்களுக்கு இன்னொரு வகை. வங்கியில் தகப்பன் பெயர் குடும்பப் பெயராக ஏறியிருக்கலாம். ஆகவே ஒரே முறை தேடி "இல்லை" என்று வந்தால் விட்டுவிடாதீர்கள். பென்ஷன் புத்தகம், பழைய காசோலை, இராணுவச் சான்று ஆகியவற்றில் பெயர் எப்படி எழுதியிருக்கிறதோ அதை எழுத்துக்கு எழுத்து அப்படியே போட்டுப் பாருங்கள். பிறகு பெயரை முன்பின்னாக மாற்றிப் போடுங்கள். பிறந்த தேதியிலும் இதே சிக்கல் உண்டு. பள்ளிச் சான்றில் ஒன்று, பிறப்புப் பதிவேட்டில் ஒன்று இருந்தால் இரண்டையும் தேட வேண்டும்.

பொருத்தம் கிடைத்தால் கேட்பவரின் அடையாளச் சான்று, பணம் அனுப்ப வேண்டிய வங்கிக் கணக்கின் 'ரிப்' தாள், இறப்புச் சான்று, வாரிசுகள் யார் என்று நொத்தேர் எழுதித் தரும் பத்திரம் ஆகியவை வேண்டும். சொத்துப் பிரிப்பு நொத்தேர் வழியாக நடந்தால், இறந்தவர் பேரில் எங்கெங்கே கணக்கு உண்டு என்று வங்கிக் கணக்குகளின் அரசுப் பதிவேடான ஃபிகோபாவில் பார்ப்பது எக்கேர் சட்டப்படி அவர் கடமை. பார்த்தாரா என்று கேளுங்கள். ஆயுள் காப்பு இருந்திருக்கலாம் என்று சந்தேகம் வந்தால் அழிரா (AGIRA) என்ற அமைப்புக்கு இறப்புச் சான்றோடு எழுதலாம், அதுவும் இலவசம்.

உயிரோடு இருப்பவர்கள் செய்ய வேண்டியது மிகச் சிறியது. ஒவ்வொரு கணக்கையும் ஆண்டுக்கு ஒருமுறை தொடுங்கள். பத்து யூரோ போடலாம், எடுக்கலாம், இணையத்தில் உள்ளே போய்ப் பார்த்தாலும் தொடர்பாகவே எண்ணுவார்கள். வங்கி தானாகப் போடும் வட்டியும் தானாகப் பிடிக்கும் கட்டணமும் அசைவாகாது. எந்த வங்கி, எந்தக் கிளை, என்ன எண் என்று ஒரு தாளில் எழுதி, பிள்ளைகளில் ஒருவருக்காவது அது இருக்கும் இடத்தைச் சொல்லிவையுங்கள்.

கடைசி அசைவிலிருந்து எண்ணினால் மொத்தம் 30 ஆண்டு. 1990-களின் பின்பாதியில் கைவிட்ட கணக்குகளுக்கு அந்தக் கெடு இப்போது வந்துகொண்டிருக்கிறது. அந்தக் காலத்தில் ஊர் திரும்பிய பென்ஷன்காரர்களின் பேரப்பிள்ளைகள் இந்த மாதமே தாத்தாவின் பழைய தாள்களை எடுத்துப் பார்க்கும்படி, இந்தக் கடிதத்தைப் புதுச்சேரி, காரைக்கால் பதிப்புகளிலும் வெளியிட வேண்டுகிறோம்.

இப்படிக்கு,
வங்கி, வரிக் கணக்குத் துறைகளில் பணிபுரியும் தமிழர் சிலர்,
சேன்-தெனி, ரெயூனியன்.